ஒரே காற்று, இரண்டு செய்தி

ஆனி, ஆடி மாதங்களில் ராமேஸ்வரத்தைப் பற்றி இரண்டு செய்திகள் வரும். “தனுஷ்கோடியில் கடல் சீற்றம், சாலையில் மோதும் அலைகள்” என்பது ஒன்று. “ராமேஸ்வரத்தில் கடல் உள்வாங்கியது, தரைதட்டிய படகுகள்” என்பது இன்னொன்று. சில நாள் இரண்டும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருக்கும். ஓரிடத்தில் கடல் ஏறுகிறது, இருபது கிலோமீட்டருக்குள் இன்னோரிடத்தில் இறங்குகிறது என்றால், வெளியூரில் இருந்து படிப்பவருக்கு என்னவோ நடக்கப்போகிறது என்றுதான் தோன்றும். தீவுக்கு எதிர்க்கரையில், மண்டபம் ஊரில் இருக்கும் எங்களுக்கு அந்த இரண்டு மாதமும் ஃபோன் வந்துகொண்டே இருக்கும்.

இரண்டு செய்திக்கும் காரணம் ஒரே காற்று. தென்மேற்கில் இருந்து அடிக்கும் கச்சான். ராமேஸ்வரம் தீவுக்குத் தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. தெற்கில் இருப்பது ஆண் கடல், வடக்கில் இருப்பது பெண் கடல் என்று இங்கே சொல்வார்கள். கச்சான் வலுக்கும்போது தென்கடலின் தண்ணீரை அப்படியே அள்ளித் தீவின் மேல் சாத்தும். தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனைக்குப் போகும் சாலையில் அலை ஏறுவது அப்போதுதான். அதே காற்று தீவைக் கடந்து வடக்குப் பக்கம் இறங்கும்போது, அங்கே கரையோரம் நிற்கும் தண்ணீரைக் கரையில் இருந்து வெளியே தள்ளிக்கொண்டு போய்விடும். ஓலைக்குடா, சங்குமால், பாம்பன் வடக்குப் பக்கம் என்று வரிசையாகக் கடல் பின்னுக்குப் போகும். தெற்கே சேர்ந்த தண்ணீரும் வடக்கே விலகிய தண்ணீரும் ஒரே கணக்கின் வரவும் செலவும். ஐப்பசி பிறந்து வாடைக் காற்று திரும்பியதும் எல்லாம் தலைகீழாகும். வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் குளம்போலக் கிடக்கும், செய்தியும் பக்கம் மாறும்.

சரி, காற்று தள்ளினால் படகு தரைதட்டும் அளவுக்கா தண்ணீர் போகும் என்று கேட்கலாம். போகும், ஏனென்றால் பாக் விரிகுடா அவ்வளவு ஆழமில்லாத கடல். நடுக்கடலில் கூடப் பல இடங்களில் பத்து மீட்டருக்கு உள்ளேதான் ஆழம். கரையோரம் தரை மிக மெதுவாகச் சரிகிறது. இருநூறு அடி தூரத்துக்கு ஓரடி சரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டம் ஓரடி குறைந்தால் இருநூறு அடி நீளத்துக்குத் தரை வெளியே தெரியும். குறைந்தது ஓரடித் தண்ணீர்தான். படம் எடுப்பவர் கண்ணுக்கோ கடலே காணாமல் போனதாகத் தெரியும். செங்குத்தாக ஆழம் போகும் ஒரு கரையில் இதே ஓரடி குறைந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

காற்றோடு நிலவும் சேரும்போதுதான் காட்சி பெரிதாகும். அமாவாசையும் பௌர்ணமியும் வரும் நாட்களில் சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் கடல் அதிகம் ஏறும், அதிகம் வற்றும். அஷ்டமியை ஒட்டி இரண்டும் குறைவு. நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளித் தள்ளி வரும். ராமேஸ்வரத்துக்கு வெளியூர் ஜனம் அதிகமாக வருவது எப்போது? அமாவாசைக்கு. அதிலும் ஆடி அமாவாசைக்கு. நிலவின் இழுப்பும் கச்சானும் ஒன்றாகச் சேரும் காலம் அது. அக்னி தீர்த்தத்தில் முங்க வந்தவர், தண்ணீர் பின்னே போய்ப் பாசி படிந்த பாறையும் சேறும் வெளியே கிடப்பதைக் காண்கிறார். அன்றைக்குப் போய் இப்படி ஆகிவிட்டதே, இது நல்லதற்கா கெட்டதற்கா என்று அவருக்குக் கவலை வருகிறது. அந்த நாளை ‘மீறி’க் கடல் வற்றவில்லை. அந்த நாள் என்பதாலேயே வற்றியிருக்கிறது. வருஷத்தில் மிக அதிகமான பேர் இந்தக் கடலைப் பார்ப்பது, அது மிகவும் தாழ்ந்து கிடக்கும் நாட்களில். ‘உள்வாங்கியது’ என்ற பேச்சு அணையாமல் இருப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

செய்தியில் அதிர்ச்சியாக வரும் இந்த வற்றம், பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்களுக்கு வேலை நேரம். கடல்பாசி எடுக்கிறவர்கள் அவர்கள். வற்றம் பார்த்துத்தான் கிளம்புவார்கள். சேலைக்கு மேல் ஒரு பழைய சட்டை, கண்ணில் நீச்சல் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. பாறை கீறாமல் இருக்க விரல் ஒவ்வொன்றிலும் துணிக் கிழிசலைச் சுற்றி நூலால் கட்டியிருப்பார்கள். வேலை முடிந்து கரையில் உட்கார்ந்து அந்தத் துணியைப் பிரிக்கும்போது பார்க்க வேண்டும். விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்து, தோலில் மடிப்பு மடிப்பாகக் கோடு விழுந்திருக்கும். துணியையும் மீறிப் பாறை கிழித்த காயங்களில் உப்பு ஏறியிருக்கும். அமாவாசையை ஒட்டிச் சில நாள், பௌர்ணமியை ஒட்டிச் சில நாள், ஆக மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள் இவர்கள். மற்ற நாட்களில் பாசி வளரட்டும் என்று விட்டுவிடுவார்கள். இந்த ஊரைச் சேர்ந்த லட்சுமிக்கு, தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது 2015ல் கிடைத்தது. கடல் எப்போது எவ்வளவு வற்றும் என்பதை நாள்காட்டியும் கருவியும் இல்லாமல் சொல்லக்கூடிய இந்தப் பெண்களிடம், கடல் உள்வாங்கிய அன்று ஒரு மைக்கை நீட்டினால் போதும், பாதிப் பதற்றம் அடங்கிவிடும். யாரும் நீட்டுவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பதறுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. மதுரையில் இருக்கும் என் சின்னம்மா டிவியில் எழுத்து ஓடியதுமே கூப்பிட்டுவிடுவார். “கடல் உள்ள போயிருச்சாமே, பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு பஸ் ஏறி வந்துருங்கய்யா.” அந்தக் குரலில் இருப்பது பாசமும் பழைய பயமும். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில், பாம்பனில் இருந்து தனுஷ்கோடிக்குப் போன ரயில் பயணிகளோடு கடலுக்குப் போனது. ஊரே அழிந்தது. அதைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அவருடையது. பிறகு 2004 டிசம்பர் 26. சுனாமிக்கு முன் பல கரைகளில் கடல் பின்வாங்கியதும், அதைப் பார்க்கப் போனவர்கள் திரும்பி வராததும் தமிழ்நாட்டில் யாருக்குத்தான் மறக்கும்? கடல் பின்னே போனால் ஓட வேண்டும் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டது நல்ல பாடம். அதை அழிக்கக் கூடாது. அதோடு இன்னொரு வரியைச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வரி நேரத்தைப் பற்றியது. சுனாமிக்கு முன் தண்ணீர் இழுபடுவது நிமிடக் கணக்கில் நடக்கும். பார்த்துக்கொண்டு நிற்கும்போதே தரை தெரிய ஆரம்பிக்கும், நுரையும் இரைச்சலுமாக இருக்கும். அதற்கு முன்னால் எங்கோ கடலடியில் பெரிய நிலநடுக்கம் நடந்திருக்கும். வற்றம் என்பது ஆறு மணி நேர வேலை. காலையில் டீ குடிக்கப் போகும்போது முழங்கால் அளவு இருந்த தண்ணீர், பதினொரு மணிக்குக் கணுக்காலுக்கு வந்திருக்கும். சாயங்காலம் பழையபடி நிற்கும். பாம்பனில் ஒரு நாட்டுப்படகு அண்ணனிடம் தரைதட்டிய படகைக் காட்டிக் கேட்டேன். “இது கச்சானுக்கு வத்துறது தம்பி. வெயில் தாழ வாங்க, மிதக்கும்” என்றார். பேச்சு முடிவதற்குள் வலையில் சிக்கிய பாசியை உதற ஆரம்பித்துவிட்டார். பெரிய நிலநடுக்கம் நடந்தால் சொல்வதற்கு இப்போது ஆள் இருக்கிறது. ஹைதராபாத்தில் இருக்கும் இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையத்தில் 2007ல் இருந்து சுனாமி எச்சரிக்கைப் பிரிவு இயங்குகிறது. 2004ல் சுமத்ராவில் பூமி அதிர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் தமிழ்நாட்டுக் கரையில் அலை ஏறியது. அந்த நேரத்தைப் பயன்படுத்தத் தெரியாமல் போனதுதான் அன்றைய கொடுமை. ராமநாதபுரம் கரைக்குப் பெரிய அடி விழாததற்குக் காரணம், இலங்கை குறுக்கே நின்று அலையைத் தாங்கியது.

இதே கடலில் எச்சரிக்கையோடு இருக்க வேண்டிய வேறொன்று உண்டு. கள்ளக்கடல். காற்றும் இருக்காது, மழையும் இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே இந்தியப் பெருங்கடலில் அடித்த புயல் கிளப்பிய நீண்ட அலைகள் சில நாள் பயணம் செய்து வந்து திடீரென்று கரை ஏறும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை நாம் இழந்தது இப்படிப்பட்ட அலையில்தான். தென்கடல் பக்கத்துக்கு இந்த எச்சரிக்கை வரும்போது தயவுசெய்து கரையில் இறங்காதீர்கள். வற்றிய கடலைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள், கள்ளக்கடல் அறிவிப்பு வந்த நாளில் அலையோடு செல்ஃபி எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். மனசு பதறுகிறது.

பாம்பன் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்பதும் ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் வரும் செய்தி. அன்றைக்கும் சின்னம்மா கூப்பிடுவார். கூண்டு கப்பல்காரர்களுக்கான அடையாளம். பகலில் வடிவங்களாகவும் இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளாகவும் இருக்கும். எண்கள் மொத்தம் பதினொன்று. ஒன்று, இரண்டு என்றால் எங்கோ தூரத்தில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருக்கிறது, துறைமுகத்துக்கு ஒன்றுமில்லை, வெளியே போகும் கப்பல்கள் கவனமாக இருக்கட்டும் என்று பொருள். மூன்றும் நான்கும் துறைமுகத்துக்கே பலத்த காற்று வரலாம் என்பதற்கு. ஐந்தில் இருந்துதான் அபாயம். எட்டு, ஒன்பது, பத்து பெரும் அபாயம். பதினொன்று என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். எண்ணைப் போடும் செய்தி, அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று அடுத்த வரியில் போட்டுவிட்டால் எத்தனையோ வீடுகளில் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிடுவார்கள்.

பயப்படுத்தாத அதிசயங்களுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்தது தனுஷ்கோடி ஊற்று. இரண்டு பக்கமும் கடல், நடுவில் வெறும் மணல். அந்த மணலில் கையால் சில அடி தோண்டினால் குடிக்கிற தண்ணீர் ஊறும். அங்கே குடிசை போட்டு இருக்கும் குடும்பங்கள் காலங்காலமாக அப்படித்தான் வாழ்கின்றன. ஒரு அக்கா தண்ணீர் எடுப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். குழியின் ஓர மணல் சரியாமல் இருக்க ஒரு கையால் அணைத்துக்கொள்கிறார். அடியில் கலங்கிய நீர் தேங்குகிறது. முதலில் வருவதை அள்ளி வெளியே ஊற்றிவிடுகிறார். இரண்டாவதாக ஊறுவதையும் ஊற்றிவிடுகிறார். அப்புறம் தெளிகிறது. சிரட்டையை அடியில் உரசவிடாமல் மேலாக ஓட்டி மொண்டு, துணி கட்டிய குடத்தில் ஊற்றுகிறார். “ஆழமாத் தோண்டுனா நிறைய வருமே அக்கா?” என்று கேட்டேன். “ஆழமாப் போனா உப்பு வந்துரும்ப்பா” என்றார்.

அந்த ஒரு பதிலில் முழு அறிவியலும் இருக்கிறது. மழைநீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரோடு உடனே கலந்துவிடுவதில்லை. நல்ல தண்ணீருக்கு எடை குறைவு. கடல்நீர் அதைவிட நூற்றுக்கு இரண்டரை பங்கு கனம். அதனால் நன்னீர் உப்புநீரின் மேல் ஒரு படலமாக மிதக்கிறது. நடுவில் தடிப்பாக, ஓரங்களில் மெலிந்து, கண்ணாடி வில்லை மாதிரி. எடை வித்தியாசத்தைக் கணக்குப் போட்டால், கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் இருக்கும். மேலே இருக்கும் அந்த ஓரடியைக் குறைத்தால் கீழே 40 அடி உப்பாகிவிடும். குறுகலான தனுஷ்கோடி மணலில் படலம் அதைவிட மெல்லியது. மோட்டார் போட்டு உறிஞ்சினால் உப்புநீர் கீழிருந்து குவிந்து மேலே ஏறிவிடும். ஒருமுறை ஏறினால் அடுத்தடுத்த மழைகள் வந்து கழுவினால்தான் இறங்கும். சிரட்டையால் மேலாக மொள்ளுவதும், தேவைக்கு மட்டும் எடுப்பதும் அந்த மணலுக்கு ஏற்ற ஒரே முறை. விடுதிகளும் ஆழ்துளைக் கிணறுகளும் பெருகுகிற ராமேஸ்வரம் தீவில் இதைச் சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் வந்துவிட்டதால் கீழே இருக்கும் நல்ல தண்ணீர் தேவையில்லாததாகிவிடவில்லை.

தங்கச்சிமடத்தில் கடலுக்குள் இருக்கும் வில்லூண்டி தீர்த்தமும் இந்த வகைதான். சீதையின் தாகத்துக்காக ராமர் வில்லை ஊன்றிய இடம் என்பது நம்பிக்கை. சுற்றிலும் கடல், நடுவில் கிணறு, உள்ளே உப்புக் கரிக்காத தண்ணீர். நிலத்தடியில் கடலை நோக்கி நகரும் நன்னீர், கரையைத் தாண்டிய பிறகும் மணலுக்கு அடியில் கொஞ்ச தூரம் போகும். கிணற்றின் சுவர் கடலைத் தள்ளி நிறுத்த, அது உள்ளே ஊறுகிறது. இந்த விளக்கத்தால் அந்த இடத்தின் மீதான பக்தி குறைந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. அப்படி ஓர் இடத்தைக் கண்டுபிடித்து, கிணறு கட்டி, கதை சொல்லி இத்தனை காலம் காப்பாற்றி வைத்திருக்கிறார்களே, அதுதான் எனக்கு வியப்பு.

மிதக்கும் கல்லைப் பற்றிக் கேட்காத சுற்றுலாப் பயணி கிடையாது. தொட்டியில் போட்டுக் காட்டுகிறார்கள், கையில் கொடுத்து எடை பார்க்கச் சொல்கிறார்கள். அவற்றில் பார்த்த வரைக்கும் பெரும்பாலும் பவளப்பாறைதான். பவளம் சுண்ணாம்பால் ஆனது. ஆனால் உடம்பெல்லாம் நுண்ணிய துளை. உயிர்கள் செத்து, வெயிலில் காய்ந்து, துளைகளுக்குள் காற்று அடைபட்டுவிட்டால் சில வகைகள் தண்ணீரில் மிதக்கும். எல்லாப் பவளமும் மிதக்காது. பெரும்பாலானவை கல்லாகவே மூழ்கும். எரிமலையில் இருந்து வரும் நுரைக்கல்லும் மிதக்கக்கூடியது. 1883ல் கிரகடோவா வெடித்தபோது அப்படிப்பட்ட கல் இந்தியப் பெருங்கடல் முழுக்க மாதக்கணக்கில் மிதந்து திரிந்தது. ராமர் பெயரைச் சொல்லிக் கும்பிடுகிறவர் கும்பிடட்டும். ஆனால் வீட்டுக்கு ஒன்று கிடைக்குமா என்று கேட்காதீர்கள். 2001ல் இருந்து கடினப் பவளம் முழுவதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு.

பவளத்தைத் தொட்டுப் பார்க்க ஆசையிருந்தால் தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்துக்குப் போங்கள். அதன் சுவர்கள் பவளக் கல்லால் கட்டியவை. பூச்சு உதிர்ந்த இடத்தில் முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தால், ஒரு கல்லில் சின்னச் சின்ன நட்சத்திரக் குழிகள், பக்கத்துக் கல்லில் மூளையின் மடிப்புபோல வளைந்து வளைந்து ஓடும் பள்ளங்கள். ஒவ்வொரு குழியிலும் ஒரு காலத்தில் ஓர் உயிர் இருந்திருக்கிறது. கட்டடத்துக்கும் சுண்ணாம்புக்கும் இந்தக் கரை முழுக்கப் பவளத்தை வெட்டி எடுத்த காலம் நீண்டது. அதற்கு நாம் கொடுத்த விலையைக் கடைசியில் சொல்கிறேன்.

நடுவில் கடத்தல் செய்திகளைப் பற்றிக் கொஞ்சம். மண்டபம், வேதாளைப் பக்கம் சமையல் மஞ்சள் மூட்டை மூட்டையாகப் பிடிபட்டது என்று படித்துவிட்டு, மஞ்சளையா கடத்துவார்கள் என்று வியந்தவர்கள் அதிகம். உள்ளூர் விவசாயிகளைக் காக்க இலங்கை மஞ்சள் இறக்குமதியைத் தடுத்தது. 2020ல் அங்கே விலை பல மடங்கு ஏறியது. இங்கே மளிகைக் கடையில் சாதாரணமாகக் கிடைப்பது முப்பது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் அரிய பொருளாகிவிட்டது. கடல் அட்டையின் கதையும் அப்படித்தான். இங்கே 2001ல் இருந்து பிடிக்கவே கூடாது, அங்கே உரிமம் வாங்கிப் பிடித்து ஏற்றுமதி செய்யலாம். ஒரே கடலில் ஊர்கிற ஒரே பிராணி, எல்லைக் கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் விதி மாறுகிறது. 2023ல் மண்டபம் கடலுக்குள் வீசப்பட்ட தங்கத்தை முக்குளிப்பவர்களை இறக்கி எடுத்தார்கள். அது தேசிய அளவில் பேசப்பட்டது. இவற்றில் பிடிபடுகிறவர் பெரும்பாலும் படகு ஓட்டக் கூலிக்குப் போன பையன். பொருளுக்குச் சொந்தக்காரர் எந்தக் கரையிலும் தெரிவதில்லை.

உண்மையாகவே வழக்கத்துக்கு மாறானது எது என்றால், 2019 செப்டம்பரில் பாம்பன், குருசடைத் தீவுப் பக்கம் கடல் பச்சையாக மாறியதைச் சொல்வேன். பாசி கலந்த குளத்துப் பச்சை இல்லை, அரைத்த இலைச்சாறு ஊற்றியது மாதிரிக் கெட்டியான பச்சை. மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. யாரோ ரசாயனத்தைக் கொட்டிவிட்டார்கள் என்று வாட்ஸ்ஆப்பில் பரவியது. மீனவர்கள் இதைப் பூங்கோரை என்பார்கள். புரட்டாசி, ஐப்பசியை ஒட்டி, காற்று அடங்கிக் கடல் அசையாமல் கிடக்கும்போது வரும். அறிவியலில் நாக்டிலூகா. ஒற்றைச் செல் உயிர் என்றாலும் கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும் அளவு பெரியது. அதன் உடலுக்குள் பச்சைப் பாசிகள் குடியிருப்பதால்தான் அந்த நிறம். கோடிக்கணக்கில் பெருகி, பிறகு மொத்தமாகச் செத்து அழுகும்போது தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். அதோடு அம்மோனியாவும் வெளியாகும். நீந்தி ஓடக்கூடிய மீன் தப்பித்துக்கொள்ளும். ஓரா, கிளிமீன் போன்ற பாறை மீன்கள் இடத்தை விட்டு எளிதில் போவதில்லை, மூச்சு முட்டிச் சாகின்றன. இடம்பெயரவே முடியாத பவளமும் சாகிறது.

இரவில் இதே உயிர்தான் அலை புரளும்போது நீலமாக ஒளிரும். அந்த வீடியோவுக்கு லட்சம் பேர் இதயக்குறி போடுகிறார்கள். பகலில் அது பச்சையாக வந்தால் மீன் வாங்க ஆள் வருவதில்லை. அந்த நாட்களில் வெளிக்கடலில் பிடித்த நல்ல மீனையும் கூடையோடு திருப்பிக் கொண்டுபோன பெண்களைத் தெரியும். ஐஸ் போட்ட காசுகூடத் தேறவில்லை. கரையில் செத்து ஒதுங்கியதை எடுக்க வேண்டாம், வலையில் உயிரோடு வந்ததைத் தாராளமாக வாங்கலாம் என்று இரண்டு வரியில் சொல்லியிருந்தால் போதும். 1947ல் தொடங்கிய மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் ஒன்று மண்டபத்தில்தான் இருக்கிறது. நாற்பதுகளின் கடைசியில் இருந்து 1971 வரை நிறுவனத்தின் தலைமையகமே இங்கேதான் இருந்தது. கேட்டால் சொல்வதற்கு ஆள் இல்லாத ஊர் இல்லை இது.

டிவியில் எழுத்து ஓடாத செய்தி ஒன்று உண்டு. மன்னார் வளைகுடாவில் தண்ணீர் சூடாகிக்கொண்டிருக்கிறது. சித்திரை, வைகாசியில் கடல்நீரின் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டி வாரக்கணக்கில் அப்படியே நின்றால், பவளம் தன் உடம்புக்குள் வைத்திருக்கும் பாசியை வெளியே துப்பிவிடும். அந்தப் பாசிதான் அதற்கு நிறமும் சோறும். வெளுத்துப்போன பவளம் பட்டினியில் கிடக்கிறது. வெப்பம் சீக்கிரம் இறங்கினால் பிழைக்கும், இல்லையென்றால் செத்துவிடும். 2010ல் நடந்தது, 2016ல் நடந்தது, 2024லும் நடந்தது. 2016க்கு முன் இந்த வளைகுடாவின் பாறைத்தளத்தில் சுமார் 39 சதவீதம் உயிருள்ள பவளம் இருந்தது. வெளுப்பு முடிந்தபோது சுமார் 23 சதவீதம். வற்றம் பார்த்து இறங்குகிற சின்னப்பாலத்துப் பெண்கள் இதை எண்ணில் சொல்ல மாட்டார்கள். முன்னே பாசி பிடித்திருந்த இடத்தில் இப்போது எலும்பு மாதிரி வெள்ளையாகக் கிடக்கிறது, காலை வைத்தால் நொறுங்குகிறது என்பார்கள்.

கடல் உள்வாங்கினால் சாயங்காலம் திரும்பிவிடும், பவளம் அப்படித் திரும்பாது. பாம்பனில் இருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகளைச் சேர்த்து 1986ல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். பவளப்பாறைதான் அந்தத் தீவுகளுக்கு அரண். அலையின் வேகத்தை அதுதான் உடைக்கிறது. வெட்டி எடுத்த இடங்களில் அலை நேராக மணலில் அடித்து, மணலை வாரிக்கொண்டு போனது. 21ல் இரண்டு தீவுகள் இப்போது தண்ணீருக்கு மேலே இல்லை. தூத்துக்குடிப் பக்கம் விலங்குசல்லி, கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டி. 21 தீவுகள் என்றுதான் இன்றும் எழுதுகிறோம்.